மூலை மடித்த சீட்டு

திருவண்ணாமலை, 10 அக்டோபர் 2025. இன்றோடு எனக்கு எழுபத்தொரு வயது, மூன்று மாதம், நான்கு நாள்.

மரியாதைக்குரிய தங்களுக்கு,

நாகர்கோவிலில் மழை என்று செய்தியில் பார்த்தேன். மூட்டுவலித் தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? நான் நலம்.

திங்கட்கிழமை, நான் வார்டனாக இருக்கும் மகளிர் விடுதியில் ஆண்டு விழா. பௌர்ணமியன்று விழா வைத்தால் சிறப்பு விருந்தினர் கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்? மாணவி கவிநிலா ஓடி வந்தாள்.

"மேடம், அவரு வண்டிய ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்களாம். நீங்க பத்து நிமிஷம் பேசிடுங்க."

"நான் எதுவும் எழுதி வைக்கலையே."

"உங்களுக்கு எதுக்கு மேடம் பேப்பரு? சும்மா பேசுங்க."

மைக்கைப் பிடித்ததும் சுவரில் மாட்டியிருந்த அறிவிப்புப் பலகைதான் கண்ணில் பட்டது. விடுதி விதிகள் பன்னிரண்டையும் ஒப்பித்துவிட்டு இறங்கினேன். வேடிக்கைப் பேச்சென்று கைதட்டினார்கள்.

அதன் பலனாக, வரும் வியாழனன்று சீட்டில் தலைப்பெடுத்து உடனே பேசும் போட்டி வைக்கிறார்கள். முதல் சீட்டை எடுத்து நான் பேசித் தொடங்க வேண்டுமாம். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. இதைச் சொல்ல இங்கே ஆளில்லை. நம் வீட்டில் விட்டு வந்த என் நீல ஸ்வெட்டரை அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். 1974 கல்லூரிப் போட்டியில் தங்களைத் தோற்கடித்த என் பேச்சை, சீட்டெடுத்த கணத்தில் பிறந்ததென்று ஐம்பது ஆண்டுகளாக எல்லோரிடமும் மனைவி பெருமையாகப் புகழ்கிறீர்கள். அதை நான் மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தேன். சீட்டுகளை எழுதிய என் அறைத்தோழி வள்ளி, நான் எடுக்க வேண்டிய சீட்டின் மூலையை மடித்து வைத்திருந்தாள்.

தங்கள்,
சுலோசனா