திட்டாத வாரம்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் சொல்லப் போவதில்லை. போனில் பேசினால் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மருமகளுக்கு ஆகஸ்ட் கடைசியில் கல்யாணம். பையன் பல் டாக்டர், சிரித்தால் நன்றாக இருக்கிறான். இன்னொரு செய்தி, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள். நேற்றுவரை என்னோடு விரிப்பு மடித்தவர்கள் இன்று எழுந்து நிற்கிறார்கள். எனக்குத் திட்டுவதைத் தவிர வேறு நிர்வாகம் தெரியாது, அது உனக்கே தெரியும். நீ பதிப்பகத்தில் உட்கார்ந்து, எப்படி வாழ வேண்டும் என்று ஊருக்குச் சொல்லும் புத்தகங்களுக்கெல்லாம் பிழை திருத்துகிறாயே, அதில் உருப்படியாக ஏதாவது இருந்தால் அனுப்பு.

கல்யாணத்துக்கு நீ வர வேண்டும். பிரார்த்தனை நேரத்தில் எங்களோடு நிற்க வேண்டும். அப்பாவின் இறுதிப் பிரார்த்தனை அன்று எல்லோரும் உள்ளே நிற்க, நீ மட்டும் வாசலில் போய் நின்றாய். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. "மாமா நிப்பாராம்மா?" என்று இவள் தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

உன் அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மேற்பார்வையாளர் அம்மையாருக்கு முதலில் ஒரு வணக்கம். உனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

மூன்று புத்தகங்கள் அனுப்பியிருக்கிறேன். முதலாவது சந்தோஷத்தைப் பற்றியது. இருப்பதை நினை, இல்லாததை மற, நாலு பேரோடு சேர்ந்து இரு என்கிறது. இதைச் சொல்ல முந்நூறு பக்கம்! அதைத் திருத்தி முடித்த வாரம் எனக்குத் தலைவலிதான் மிச்சம். இரண்டாவது தலைமைப் பண்பு. குறைவாகப் பேசு, காது கொடுத்துக் கேள், எதற்கும் நன்றி சொல், யாரையும் பிறர் முன்னால் கடிந்துகொள்ளாதே. நீ அவசியம் படிக்க வேண்டியது இதுதான்.

மூன்றாவது, மதம் சமூகத்துக்கு என்ன செய்கிறது என்பது. எழுதியவருக்கு என்னைப் போலவே கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், மனிதர்கள் ஒன்றாக நிற்கப் பழகியது வழிபாட்டில்தான், அந்தப் பழக்கம் போனால் தனித்தனியாகப் போய்விடுவோம் என்கிறார். அந்தப் பக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்குச் சம்மதமில்லை.

கல்யாணத்துக்கு வருவேன், பிரார்த்தனை முடிந்தபின் சாப்பாட்டுக்கு. நம்பாத ஒன்றுக்காக நான் நின்றால் அது நடிப்பு. அவளை நடித்தா வாழ்த்துவது? அவளிடம் இதை அப்படியே சொல். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி


ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

உன் புத்தகத்தால் என் மானமே போயிற்று, கேள்.

தலைமைப் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஒரு வாரம் யாரையும் திட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமையே சோதனை. எங்கள் 'ரேடியோ' இருக்கிறாளே (வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர்), வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் துணியையும் மிஷினில் போட்டுவிட்டாள். ஒரு வார்டு முழுக்க ரோஸ் கலர்! தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "மறைக்காம வந்து சொன்னியே, ரொம்ப நன்றிம்மா" என்று சிரித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது, விரிப்பு வெளுக்காத அளவுக்கு.

மறுநாள் நான் கேட்காமலே நாற்காலி வந்தது. அதற்கு மறுநாள், "உடம்பு எப்படிக்கா இருக்கு?" என்று ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். நானும் நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே போனேன். புத்தகம் வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரே பெருமை.

வெள்ளிக்கிழமை டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால், கூடத்தில் மிஷின் சத்தமே இல்லை. உலர்த்தும் அறையில் எல்லோரும் கூட்டமாக நிற்கிறார்கள். ஒருத்தி கைகூப்பி நிற்கிறாள், ஒருத்தி உள்ளங்கைகளை விரித்திருக்கிறாள், இஸ்திரி போடுகிற பெரியவர் முழங்காலில் இருக்கிறார். ஆளுக்கொரு சாமி, வேண்டுதல் மட்டும் ஒன்றே: எனக்கு உயிர்ப்பிச்சை! "அக்கா வாயில நன்றி வருதுன்னா, டாக்டர் நாள் குறிச்சுட்டாருன்னுதானே அர்த்தம்?" என்று ரேடியோ ஒலிபரப்பியிருக்கிறாள்.

புத்தகம் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "எவ மிஷினை நிறுத்துனது? நோயாளிங்களை வெறும் மெத்தையிலயா படுக்கவைப்பாங்க? கிளம்புங்கடி!" என்று கத்தினேன். அவ்வளவுதான். "அக்கா திட்டிட்டாங்க! அக்காவுக்கு ஒண்ணுமில்ல!" என்று ரேடியோ ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அத்தனை பேரும் சிரித்து அழுதார்கள். நானும்தான் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அந்தச் சந்தோஷப் புத்தகத்தை இனி நான் படிக்க வேண்டியதில்லை.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. எங்கள் மெக்கானிக்கும் அந்தக் கூட்டத்தில் நின்றார். உன்னைப் போல அவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது, அதை எங்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருப்பார். "நீங்க எப்படி இங்க?" என்று கேட்டேன். "நான் சாமி பக்கம் நிக்கலக்கா, உங்க பக்கம் நின்னேன்" என்றார்.

நான் உள்ளர்த்தம் ஒன்றும் வைத்து எழுதவில்லை. அப்படியே இருந்தாலும், பிழை திருத்துகிறவன் கண்ணுக்குத் தப்பவா போகிறது?

உன் அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் உரக்கப் படித்தேன். சிரித்த சிரிப்பில் எங்கள் முதலாளி அறையை விட்டு வந்து, இது எந்தப் புத்தகம் என்று கேட்டார்.

ஒரு சந்தேகம். அந்த மெக்கானிக் எங்கே நின்றார், முன்னாலா பின்னாலா? மற்றவர்கள் கைகூப்பி நிற்கும்போது அவர் தன் கைகளை என்ன செய்தார்? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தம்பி


ஜூலை 21

அன்புத் தம்பிக்கு,

நடுவில் நின்றார். கையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உனக்குப் பிடித்துக்கொள்ள என் கைப்பையைத் தருகிறேன். ஆகஸ்ட் முப்பது, காலை ஒன்பது மணி. லேட்டாக வந்தால் மண்டபம் என்றும் பார்க்க மாட்டேன், திட்டுவேன்.

உன் அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகளும் பல் டாக்டரும் சுகமா? அவன் சிரித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

பிரார்த்தனையின்போது மனசில் என்ன நினைத்தாய் என்று கேட்டாய். அன்று பேச்சை மாற்றிவிட்டேன். நான் யாரையும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை அக்கா. இவள் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். பக்கத்தில் உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. நீயும் அதையேதான் சொல்லியிருப்பாய். நான் நடிக்கவில்லை. அப்பாவுக்கும் இப்படி உன் பக்கத்தில் நின்றிருக்கலாம் என்று தோன்றியது.

அவள் திரும்பி, நான் நிற்கிறேனா என்று பார்த்தாளே, அந்தப் பார்வைக்காக நாள் முழுக்க நின்றிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் கைப்பை என் தோளிலேயே தொங்குகிறது. பஸ்ஸில் எல்லோரும் ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. போன் பண்ணிக் கத்தாதே. ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன், நேரில் திட்டிக்கொள்.

உன் தம்பி