லோரியில் ஏறிய பாஸ்

ஞாயிறு, செமினி. புதிய வீட்டில் முதல் இரவு.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சாமான்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. பூனைதான் என் பாதி உயிரை எடுத்துவிட்டது. சாமான் இறக்கும்போது கூண்டைத் திறந்து வைத்தவன் என் மைத்துனன்; பூனை ஓடிவிட்டது. "காத்து வரட்டும்னு தொறந்தேன் மச்சான்" என்றான். பூனையைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னவனும் அவன்தான். நான் மறக்கப் போவதில்லை.

எட்டு வருடம் எனக்குப் பதவி உயர்வு தராத மேலாளரை வீட்டிலாவது திட்டலாம் என்றுதான் பூனைக்கு 'பாஸ்' என்று பெயர் வைத்தேன். இன்று தெருவில் நின்று "பாஸ்! பாஸ்!" என்று கத்தினேன். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கார் கழுவிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் "என்னா பாஸ்?" என்றார். மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கோ கண் கலங்கிவிட்டது. பூனைக்குப் பழகாத இடம். பக்கத்திலேயே பெரிய சாலை.

சாமான் இறக்கிவிட்டுச் செலாயாங்குக்குக் கிளம்பிய லோரி தெருமுனையில் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"பாஸ், உங்க பாஸ் என் சீட்டுக்கு அடியில உக்காந்திருக்காரு லா! செலாயாங் வரைக்கும் ஓசியில வரப் பாக்குறாரு!"

ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். கையில் நாலு கீறல். பரவாயில்லை.

இப்போது மைத்துனன் மறந்துவிட்டுப் போன வெள்ளைச் சட்டையின் மேல் பூனை சுருண்டு தூங்குகிறது. நாளை சட்டையைக் கேட்டு வருவான். முடியெல்லாம் நன்றாக ஒட்டட்டும். நான் எழுப்பமாட்டேன்.