பழுது என்று குறித்த வென்டிலேட்டர்

14 அக்டோபர் 2024, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் புது சாஃப்ட்வேர் வந்துவிட்டது. இனி ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண், ஒரு டேக். எது எந்த அறையில் நிற்கிறது, ஓடுகிறதா, அடுத்த சர்வீஸ் எப்போது, எல்லாம் திரையில் தெரியும். நல்ல நிலையில் இருந்தால் பச்சை, பழுதென்றால் சிவப்பு. டேக் ஒட்டுவதும் நிறம் மாற்றுவதும் என் பொறுப்பு. இங்கே மெஷின் டெக்னீஷியன் நான் ஒருத்திதானே. டேக்கில் 'அசெட்' என்று அச்சடித்திருந்தது; சொல்லிக்கொடுக்க வந்தவர், "அசெட்னா சொத்துங்க மேடம்" என்றார்.

வீல்சேர், சலைன் பம்ப், ஈசிஜி முடிந்தது. ஐசியுவுக்குள் மட்டும் போகவில்லை. போக வேண்டும்.

16 அக்டோபர், புதன்

போனேன். கீழ்ப்பக்கம் நசுங்கிய அந்த வென்டிலேட்டர். கொரோனா சமயத்தில் என் தம்பி சுடலைக்குமார் இதில்தான் கிடந்தான். மூன்றாம் படுக்கை. வீடு திரும்பவில்லை.

இத்தனை வருஷமும் கம்பெனி ஆள் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் வேறு வேலை இருப்பதுபோல் விலகிவிடுவேன். இன்று முடியவில்லை. மெஷின் இதுவரை ஓடிய மொத்த நேரத்தைச் சாஃப்ட்வேர் கேட்கிறது. பார்த்துப் பதிந்தேன். அந்தக் கணக்குக்குள் அவன் மூச்சும் இருக்கிறது.

டேக் கோணலாக ஒட்டிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

22 அக்டோபர், செவ்வாய்

மெஷின் இடம் மாறினால் என் போனுக்குச் செய்தி வரும். சாயங்காலம் வீட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வந்தது: வென்டிலேட்டர், ஐசியு, மூன்றாம் படுக்கை.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"யாருட்டி போன்ல?" என்றாள் அம்மா.

"ஆஸ்பத்திரிம்மா."

வேறு என்ன சொல்ல? ஒன் மகன் கெடந்த மெஷின் நடமாடுதுன்னா?

26 அக்டோபர், சனி

அந்த வென்டிலேட்டரில் இருந்த மூன்றாம் படுக்கைப் பெரியவர் போய்விட்டார். எண்பதைத் தாண்டியவர், டாக்டர் முதலிலேயே கையை விரித்துவிட்டார். மெஷின் மேல் பழி இல்லை. தெரியும். தெரிந்து என்ன?

28 அக்டோபர், திங்கள்

அதைச் சோதித்துப் பார்த்தேன். அழுத்தம் சரி. காற்றின் அளவு சரி. அலாரம் சரி. ஒரு குறையும் இல்லை.

பழுது என்று போட்டுவிட்டேன்.

பச்சை சிவப்பானது. ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் போர்வை போட்டு மூடினேன். ஐசியு நர்ஸ் கிருஷ்ணப்ரியா, "அதுக்கு என்னக்கா ஆச்சு?" என்றாள். "சென்சார் போச்சு" என்றேன். வாய் கூசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

1 நவம்பர், வெள்ளி

ஸ்டோர் ரூமைக் கடந்தால் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. அதுக்குக் கரண்டே கொடுக்கலையே!

7 நவம்பர், வியாழன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் நல்ல மழை. ஐசியு வாசலில் ஒருவர், முழங்கால்வரை கரிசல் மண் அப்பிய காலோடு நின்றார். மாரிச்சாமி, பசுவந்தனைக்காரர். அவர் மனைவி வெயிலுகந்தம்மாளைத் தூக்கத்தில் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. கடித்ததே தெரியவில்லை, விடிந்து எழுந்தால் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் மூச்சு நின்றுகொண்டே வந்தது. தொண்டைக்குள் டியூப் போட்டு, கிருஷ்ணப்ரியா கையால் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மற்ற இரண்டு வென்டிலேட்டரிலும் ஆள். டாக்டர் பூவனநாதன் திரையைப் பார்த்தார். மூன்றாவது சிவப்பு.

"திருநெல்வேலிக்கு அனுப்பிருவோம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

மாரிச்சாமி என் பக்கம் திரும்பினார். "தாயி, அங்கன போற வரைக்கும் தாங்குவாளா?"

என்னைப் போய்க் கேட்டார். என்னை.

"சார், அது ஓடும்."

"பழுதுன்னு போட்டிருக்கே?"

"நான்தான் சார் போட்டேன். நல்லா ஓடும். பொறவு சொல்லுதேன்."

ஓடினேன். போர்வையை இழுத்து எறிந்தேன். தள்ளிக்கொண்டு வந்து, சோதித்து, குழாயை மாட்டினேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கியது.

கூட்டம் கலைந்ததும் மெஷின் பக்கத்தில் நின்றேன். என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. ஏலே சுடலை, இவளையாவது விட்ருலே. இவளையாவது வீட்டுக்கு அனுப்பி வையிலே. அழுதேன். அவளைத் தவிர யாரும் இல்லை. அவள்தான் கட்டையாய்க் கிடக்கிறாளே.

9 நவம்பர், சனி

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். திரையில் நான் சிவப்பு போட்ட தேதியைத் தேடிப் பார்த்தார்.

"ஒங்க தம்பிய எனக்கு ஞாபகம் இருக்கு ராதாமணி. ஆனா அன்னைக்கு நீங்க லீவுல இருந்திருந்தா?"

மெமோ கொடுத்தார். இனி நிறம் மாற்ற அவர் ஒப்புதலும் வேண்டும். நியாயம்தான்.

12 நவம்பர், செவ்வாய்

வெயிலுகந்தம்மாளுக்கு வலது கண் இமை அசைந்தது.

16 நவம்பர், சனி

டியூபை எடுத்து அவளை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வார்டு நர்ஸோடு பேசிக்கொண்டு அந்த வழியாகப் போன என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள். குரல் கரகரவென்று இருந்தது.

"நீதான அன்னைக்கு அழுதது?"

கட்டிலுக்குக் கிட்டப் போனேன்.

"கண்ணத் தொறக்க முடியல, வெரல அசைக்க முடியல. காது மட்டும் கேட்டுச்சு தாயி. டாக்டரய்யா என்னய அனுப்பிருவோம்னு சொன்னது, நீ ஓடுனது, எல்லாம். சுடலைன்னியே, யாரு அது?"

"தம்பி" என்றேன்.

அன்று, அவனுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறது, பேசினாலும் கேட்காது என்றார்கள். நானும் நம்பினேன். கவச உடையோடு போவேன், குழாயைச் சரிபார்ப்பேன், வாய் திறக்காமல் வந்துவிடுவேன். கேட்டிருக்குமோ? அக்கா காலடிச் சத்தம் தெரிந்து, ஒரு வார்த்தை சொல்லுவாள் சொல்லுவாள் என்று கிடந்திருப்பானோ? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

வெயிலுகந்தம்மாள் கட்டிலில் மெல்ல நகர்ந்து இடம் விட்டாள்.

"இப்படி இரி. எப்படி இருப்பான், சொல்லு."

உட்கார்ந்தேன்.

"சிரிச்சா சத்தமே வராது அவனுக்கு. தோளு மட்டும் குலுங்கும்" என்றேன்.