காலடி கேட்டு ஆள் சொல்லும் கணினி

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே மூவரும் நலம். கிரேன் உச்சியில் காற்று அறைகிறது என்றீர்களே, கழுத்தில் எதையாவது சுற்றிக்கொள்ளுங்கள்.

பதினோராம் வகுப்புக்கு இந்த முறை நான் பாடம் நடத்தவில்லை, வேலை கொடுத்துவிட்டேன். ஆளுக்கொரு செயற்கை நுண்ணறிவுத் திட்டம், வீட்டில் கிடைப்பதை வைத்தே செய்ய வேண்டும். கணினி அறை சந்தைக்கடையாகிவிட்டது. ஒருவன் தக்காளியில் காயையும் பழத்தையும் பிரிக்கக் கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தான். அது என் சிவப்புக் கைப்பையை நன்றாகப் பழுத்தது என்றது. வகுப்பே சிரித்து உருண்டது.

அதே வகுப்பில் இருக்கும் நம் பெரியவள் பழைய போனை வாசல் கதவில் ஒட்டிவைத்து, காலடிச் சத்தத்தைக் கேட்டு வருவது யாரென்று லேப்டாப்பில் சொல்லும் புரோகிராம் எழுதினாள். என்னையும் சின்னவனையும் படியேறி இறங்கவைத்தே முட்டியைக் கழற்றிவிட்டாள். உங்கள் காலடியை, போன தடவை நீங்கள் கிளம்பும்போது எடுத்த வீடியோவிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறாள். என்னிடம் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லேப்டாப் “அப்பா வந்தாச்சு” என்றது. சின்னவன் எச்சில் கையோடு ஓடினான். அவளும் ஓடினாள். சொல்லாமல் வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் நானும் எழுந்துவிட்டேன். வாசலில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் கனமான பூட்ஸோடு நின்றிருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து மிரண்டு, வீடு மாறி வந்துவிட்டேனா என்று கேட்டார்.

அழுவாள் என்று நினைத்தேன். அவளோ லேப்டாப் முன் உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொன்னது என்று நோண்ட ஆரம்பித்துவிட்டாள். அதற்குத் தெரிந்தது நம் வீட்டு ஆட்களை மட்டும்தான், யார் வந்தாலும் நம்மில் ஒருவரைத்தான் சொல்லும், ‘தெரியாதவர்’ என்றும் ஒன்றைக் கற்றுக்கொடு என்றேன். பக்கத்து வீட்டார், கூரியர்காரர் என்று கிடைத்த காலடியெல்லாம் சேர்த்தாள். இப்போது ஆள் மாறுவதில்லை.

ஆனால் நேற்று என்னிடம் வந்து, “என்கிட்ட இருக்கறதெல்லாம் அப்பா பூட்ஸ் போட்டுக் கிளம்பற சத்தம்தாம்மா. வெறுங்காலோட வீட்டுக்குள்ள நடந்தா, அப்பாவையும் ‘தெரியாதவர்’னுதான் சொல்லும். அவர் எப்படிம்மா நடப்பாரு?” என்று கேட்டாள். இடது காலை லேசாகத் தேய்த்து நடப்பீர்கள் என்று நினைக்கிறேன். சரிதானா?

வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று போனில் கேட்டீர்கள். நான் என்ன சொல்ல? உங்களுக்கே தெரியும்.

அங்கேயே நடந்து சத்தத்தைப் பதிந்து அனுப்பினால் போதும் என்கிறாள் உங்கள் மகள். அனுப்பாதீர்கள். அந்தத் தரை வேறு, இந்தத் தரை வேறு. கணினி தப்பாகத்தான் கற்றுக்கொள்ளும். இதை டீச்சராகத்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி