கடற்பக்கம் விட்ட இடம்

வெள்ளவத்தை
12.01.1938

என் அன்புக்குரிய அத்தானுக்கு,

நெருப்புக் காய்ச்சலில் கிடந்த என்னை அண்ணா வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மலாயாவுக்குக் கப்பலேறி மூன்று வருஷமாகிறது. அன்று போன பலம் இன்னும் திரும்பவில்லை. நேற்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். "மருந்து குடிச்சது காணும், பாலேஸ்வரி. விடிய எழும்பி நடவும். கொஞ்சமெண்டாலும் ஒவ்வொரு நாளும் நடவும். கப்பல் ஏறலாமோ எண்டு பிறகு கேளும்."

இன்று பக்கத்து வீட்டு நேசத்தின் தோளைப் பிடித்தபடி கடற்கரை வரை போனேன். திரும்பும்போது மூச்சு வாங்கி, ரயில் பாதையோரம் குந்திவிட்டேன். அண்ணா விட்டாலும் மச்சாளுக்குக் கோபம். "கலியாணம் கட்டின பெண் காலமை ரோட்டிலை திரியிறதோ?" என்கிறார். உங்களிடம் வருவதற்குத்தான் நடக்கிறேன் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

உங்கள் அன்பு மனைவி
பாலேஸ்வரி

கோலாலம்பூர்
03.03.1938

அன்புள்ள பாலேஸ்,

கடிதம் கிடைத்தது. டாக்டர் சொன்னபடி நடவும். ஆனால் அவசரப்பட வேண்டாம். இங்கே வெக்கை அதிகம். ரயில்வே குவாட்டர்ஸும் சிறியது. உடம்பு முற்றாகத் தேறட்டும், பார்ப்போம்.

அன்புடன்
நமசிவாயம்

வெள்ளவத்தை
20.08.1938

என் அத்தானுக்கு,

இப்போது நேசம்தான், "மெள்ள நட, பாலேஸ்" என்று பின்னால் கத்துகிறாள்! முதல் மாதம் விடிந்தாலே அழுகை வந்தது. இப்போது போகாத நாளில்தான் ஏதோ குறை. மழையென்றால் விறாந்தையில் நடக்கிறேன். கதிரையின் கையைப் பிடிக்காமல் எழும்புகிறேன். பசிக்கிறது, நல்ல நித்திரையும் வருகிறது. நேற்றுத் தெஹிவளை வரை போய்வந்தோம். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "இனிக் கப்பலென்ன, மலையும் ஏறலாம்" என்று சிரித்தார்.

எப்போது வரட்டும்? நடக்கும்போதெல்லாம் மனதுக்குள் உங்களோடுதான் கதைத்துக்கொண்டு போகிறேன். உங்கள் குரல்தான் சரியாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

உங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்
பாலேஸ்வரி

கோலாலம்பூர்
02.10.1938

அன்புள்ள பாலேஸ்,

இந்த வருஷம் வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

நமசிவாயம்

வெள்ளவத்தை
27.11.1938

நமசிவாயம் அவர்களுக்கு,

கோலாலம்பூரிலிருந்து லீவில் வந்த சின்னராசா போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாவைப் பார்க்க வந்தார். உங்களைக் கோயிலில் மட்டும் கண்டு பழகியவராம். நான் உங்கள் மனைவி என்று அண்ணா சொல்ல, நான் கொடுத்த தேத்தண்ணியை வாங்கியபடி கேட்டார்.

"தங்கச்சி, மகன் எங்கை? கோயிலிலை தகப்பன்ரை தோளிலை கண்டனான். முகம் அப்படியே தகப்பன்தான். ஆரிட்டை விட்டிட்டு வந்தனீர்?"

பாவம், நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு வேறொன்றும் தெரியாது. எனக்கும் அதற்குமேல் தெரியவேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் படுக்கையை விட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் விடிய நேசம் வந்து கேற்றைத் தட்டினாள்.

"போற இடமே இல்லை. இனி ஏன் நடக்கவேணும்?" என்றேன்.

"அதை உன்ரை காலுக்கு ஆர் சொன்னது? வெளிக்கிடு."

போனேன். கால்கள் வழக்கம்போலவே நடந்தன. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிள்ளை சுகமாக வளரட்டும். எனக்கு இனி எழுத வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இத்தனை மாதமும், கடற்பக்கத்தில் நீங்கள் கூட வருவதாக நினைத்து, ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் நடந்தேன். ஏன் என்று நேசம் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று காலையும் என்னையறியாமல் விட்டிருக்கிறேன். கொஞ்சத் தூரம் போன பிறகுதான், அவளை அந்தப் பக்கம் வந்து நடக்கச் சொன்னேன்.

பாலேஸ்வரி