நடுக்கிணறு

ஏப்ரல் 3

காலையில் கடல் தெருவுக்கு வால்வைத் திறந்தேன். சாயங்காலம் தோட்டத் தெருவுக்கு. மத்தியானம் மோட்டாரை நிறுத்திக் கிணற்றை ஊறவிட்டேன். இந்தத் தீவில் என் வேலை இவ்வளவுதான். இதற்கே இரண்டு தெருவிலும் ஏச்சு. "தண்ணிக்காரரே, அவங்களுக்கு மட்டும் கூட ஓடுதே?" என்று அவர்களும் கேட்கிறார்கள், இவர்களும் கேட்கிறார்கள். கடல் தெருவில் பிறந்து, மகளைத் தோட்டத் தெருவில் கட்டிக்கொடுத்தவன் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

மழை பெய்து மாதக்கணக்காகிறது. கிணற்றில் கடைசிப் படி தெரிகிறது.

ஏப்ரல் 9

துறையில் சண்டை. தோட்டத் தெருக்காரர்கள் அக்கரைக்குப் போகும் லாஞ்சில் காய்கறிக் கூடைகளை முதலில் ஏற்றிவிட்டார்கள். மீன் பெட்டிகளுக்கு இடமில்லை. வெயிலில் கிடந்து அத்தனை மீனும் நாறிப்போயிற்று. மச்சான் – என் மனைவியின் அண்ணன், மீன்பிடிச் சங்கத் தலைவர் – ஒருவன் சட்டையைப் பிடித்தார். அதற்குமேல் யார் யாரை அடித்தார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

ஏப்ரல் 10

மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டார். "நாளையிலருந்து அந்தத் தெருவுக்கு வால்வைத் திறக்காதீங்க. கிணறு நம்ம பக்கத்து மண்ணுல இருக்கு."

நம்ம பக்கமாம்! அப்புறம் எதற்கு அதை நடுக்கிணறு என்கிறோம்?

"என் மக அங்க இருக்கா மச்சான். மாசமா இருக்கா."

"அவ இங்க வந்துடட்டும். ஒரு குடம் நானே தூக்கிக் குடுக்கறேன்."

பெரிய மனசுதான். மனைவி அண்ணன் எதிரில் வாயைத் திறக்கவில்லை. அவர் போனதும் என்னிடம் திறந்தாள், அப்பப்பா! "நீங்க ஆம்பளையா, இல்ல அவரோட எடுபிடியா?"

ஏப்ரல் 11

திறந்தேன்.

ஏப்ரல் 12

மோட்டார் அறையின் பூட்டை உடைத்து வேறு பூட்டுப் போட்டுவிட்டார்கள். சாவி மச்சானிடம். மத்தியானமும் மோட்டார் ஓடுகிறது. கேட்டால், "அவங்க எடுக்கறதுக்குள்ள நாம எடுத்துக்கணும்" என்கிறான் ஒருவன். வால்வையே மூடிட்டீங்களேடா, அவங்க எப்படி எடுப்பாங்க? யாரிடம் போய் முட்டிக்கொள்வது.

ஏப்ரல் 17

மகள் வீட்டுக்குப் போனேன். அக்கரையிலிருந்து ஆழ்துளை போடும் மெஷினை வரவழைத்து, மருமகன் கொல்லையில் போர் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இங்க மேலதான் நல்ல தண்ணி. அடியில கடல். பால்ல ஏடு எடுக்கற மாதிரி மேலாப்ல எடுக்கணும். ஆழமா உறிஞ்சினா உப்பு ஏறிடும். அப்புறம் யாருக்குமே இல்ல."

"எனக்குத் தெரியாதா மாமா? மண்ணுல பொழைக்கறவன் நான். ஆனா உங்க ஆளுங்க மூடிட்டாங்களே. வயித்துப் பிள்ளையோட இவ தொண்டை காஞ்சு கிடக்கணுமா?"

மகள் சொம்பை நீட்டினாள். நல்ல தண்ணீர். அதனால்தான் பயமாக இருந்தது. உப்பாக இருந்திருந்தால் இன்றே நிறுத்தியிருப்பார்கள்.

ஏப்ரல் 26

தோட்டத் தெருவில் கொல்லைக்குக் கொல்லை போர். மச்சான் வீட்டிலும் ஒன்று, அவர்களுடையதைவிட ஆழம் என்று பெருமை வேறு. தெரியாமல் செய்தால் சொல்லித் திருத்தலாம். எல்லாருமே தெரிந்துதான் செய்கிறார்கள். நாம் நிறுத்தினால் அவர்களுக்கு லாபமாகிவிடுமாம்.

இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "வேலை போயிடுச்சு, பாவம், புலம்பறாரு" என்று என் காதுபடவே சிரித்தார்கள்.

மே 6

கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது.

மே 13

சோப்பு நுரைக்கவில்லை. பருப்பு வேகவில்லை. போர்த் தண்ணீரும் கரிப்புதான். மருமகனின் மிளகாய்ச் செடிகள் நுனி கருகி நிற்கின்றன. மனுஷன் வரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார். திட்டத்தான் போனேன், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் சாவியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். "இனிமே நீங்களே பாத்துக்குங்க."

எதை? எதைய்யா பாக்கச் சொல்றே? நாசமாப் போங்க எல்லாரும் – கத்தியேவிட்டேன். முப்பது வருஷ உறவில் அவரை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை.

மே 22

மகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. தலைவலி என்கிறாள். மருந்தகத்து நர்ஸம்மா கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். "பிரஷர் ஏறிடுச்சு. உப்பைக் கொறைங்க."

உப்பையா! குடிப்பதே உப்பு, எதில் குறைக்க?

மே 29

நல்ல மழை. எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து நின்றார்கள். மழை விட்டதும் கிணற்றுக்குப் போய் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். அதே கரிப்பு. வந்து உட்கார்ந்த கடல் எழுந்து போகவில்லை.

ஜூன் 4

மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. லாஞ்சில் படுக்கவைத்து அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மச்சானும் வந்தார். வழியெல்லாம் அவளுடைய காலை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். நான் அவரோடு பேசவில்லை.

ஜூன் 5

மகள் பிழைத்துவிட்டாள். குழந்தை தங்கவில்லை.

செப்டம்பர் 18

குடிக்கத் தண்ணீரில்லாத தீவில் இப்போது ஆளில்லை. அக்கரையில், ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் எங்களை வைத்திருக்கிறார்கள். மச்சான் வீட்டுக்கு அடுத்த கதவு மருமகன் வீடு.

தண்ணீர், முக்கிலிருக்கும் தெருக்குழாயில். இன்று காலை வரிசையில் மகள், அவளுக்குப் பின்னால் மச்சான், நான். குழாயில் தண்ணீர் வந்ததும் இந்த ஊர் அம்மா ஒருத்தி மகளின் குடத்தைக் காலால் நகர்த்தினாள். "தீவுக்காரங்க எல்லாம் ஒதுங்குங்க. எங்க ஜனம் பிடிச்சப்புறம் மிச்சம் இருந்தா உங்களுக்கு."

"தண்ணி எல்லாருக்கும் பொதுதானேம்மா" என்றார் மச்சான்.

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள். பின்னாலேயே நாங்களும் ஒதுங்கினோம், இரண்டு தெருவும்.