நிறம் மாறாத ஆயில்

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? ஷார்ஜாவில் நான் சுகம்.

போன வாரம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஆயில் மாற்ற வந்தது. வருடம் முழுக்க அதிகம் ஓடாத வண்டி. நம் ராஜபாளையம் லாரி ஷெட்டில் நீங்கள் பார்ப்பதுபோல ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தேன். கருக்காமல் தேன் நிறத்தில் இருந்தது. "மாற்றவே வேண்டாம்" என்று கார்க்காரரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

"அப்படியானால் வருடா வருடம் என்னை ஏமாற்றினீர்களா?" என்று அவர் எங்கள் ஃபோர்மேன் பால்துரை அண்ணனிடம் கத்தினார். அண்ணன் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம், "ஏலே, ஓடலைன்னாலும் வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். சும்மா நிக்கிற வண்டியில ஈரம் சேரும்லே. வெரட்டி ஓட்டுனா அதுக்கு முன்னாலயே மாத்தணும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நஸ்ருதீன் மச்சான் இங்கே வரும்போது மில் கழிவுப் பஞ்சு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இங்கே காகிதம்தான் தருகிறார்கள். கை துடைத்த மாதிரியே இல்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. பஜாரில் "எம் மவன் அம்புட்டுக் காருக்கும் டாக்டரு" என்கிறீர்களாம். இனிச் சொல்ல வேண்டாம், அத்தா. இப்போது என்னை வண்டி கழுவ மட்டும்தான் விடுகிறார்கள்.

அஃப்சல்